விதை முளைப்பது யார் செயல்?



விதைத்த நெல் முளைக்காவிட்டால் "தலையெழுத்து" என்கிறோம். அறுப்புக் காலத்தில் மழை பிடித்துக்கொண்டு, நெல் கதிரிலேயே முளைத்துவிட்டால் "தெய்வ சோதனை" என்கிறோம். முளைக்காததற்கும் தெய்வம், முளைத்ததற்கும் தெய்வம் என்று சொல்லிவிட்டால், நெல்லுக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்கும் வேலை யாருக்கும் இல்லாமல் போய்விடுகிறதல்லவா? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நெல்லின் ஓர் ஓரத்தில் முளைக்கரு இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி, அதற்கென்று கட்டி வைத்த சோறாகிய மாவுச்சத்து. ஆனால் கரு மாவை மாவாகவே தின்ன முடியாது. அது சர்க்கரையாக மாற வேண்டும். மாற்றும் சரக்கைச் செய்வதில் பெரும்பங்கு அரிசியைச் சுற்றியுள்ள தவிட்டுப் படலத்துக்கு. அந்த வேலை தொடங்காதபடி தடுத்து நிற்கும் காவற்காரன் ஒருவன் உண்டு. அவன் பூதமல்ல, டெல்லா என்னும் புரதம்.

விதையில் தண்ணீர் ஏறியதும் கருவானது ஜிப்பரெலின் என்னும் ஹார்மோனை அனுப்புகிறது. அதை ஜிட்-1 என்னும் வேறொரு புரதம் பற்றிக்கொள்கிறது. பற்றியதும் காவற்காரனைப் போய்ப் பிடிக்கிறது. பிடிபட்ட டெல்லாவுக்கு "அழிக்க வேண்டியது" என்று அடையாளம் இடப்பட்டு, உயிரணு அதைச் சிதைத்துவிடுகிறது. காவல் போயிற்று, மாவு சர்க்கரையாயிற்று, முளை வந்தது.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. அப்சிசிக் அமிலம் என்னும் மற்றொரு ஹார்மோன் "இப்போது முளைக்காதே" என்று தடுக்கிறது. இந்தச் செய்தியை வாங்கும் புரதங்கள் 2009-இல் தெரிய வந்தன. இந்தத் தடை வலுவாயுள்ள நெல் ரகம் மழையிலும் கதிரில் தூங்கும். வலுவில்லாத ரகம் அங்கேயே முளைத்துவிடும். இதில் சோதனை எங்கே வந்தது?

இது எப்படித் தெரிந்தது? யாருக்கும் கனவில் தோன்றவில்லை. ஜப்பானில் சில நெல் நாற்றுகள் வெளுத்து, நெடுநெடுவென்று வளர்ந்து வீணாகிவிடும். குடியானவர்கள் அதை "அசட்டு நாற்று" என்றார்கள். ஒரு பூஞ்சக்காளான் கக்கும் சரக்கே அதற்குக் காரணம் என்று 1926-இல் குரோசாவா என்பவர் தைவானில் காட்டினார். 1935-இல் யபுதா என்பவர் அச்சரக்குக்கு ஜிப்பரெலின் என்று பெயரிட்டார். அதையே செடிகளும் தமக்குள் செய்துகொள்கின்றன என்பது பின்னர் விளங்கிற்று. ஜிட்-1 புரதத்தை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2005-இல் நெல்லிலேயே கண்டார்கள். நோயைக் கண்டு சாந்தி கழித்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் இவ்வளவும் தெரிந்திருக்குமா?

"அந்தக் காவற்காரனை வைத்தது யார்?" என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். அதற்கு அவர்கள் சொல்லும் விடையால் ஒரு நெல்லாவது கூடுதலாக முளைக்குமா என்பதே நமது கேள்வி.

ஆகவே தோழர்களே! அறுத்த நெல்லை உடனே விதைத்து முளைக்கவில்லையென்றால் விதியை நோகாதீர்கள். அது உறக்கத்தில் இருக்கலாம். உலர்த்திச் சில வாரம் வைத்தால் உறக்கம் கலையும். விதைக்கு முன் நட்சத்திரம் பார்ப்பதை விட, 100 நெல்லை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பாருங்கள். சான்று விதையென்றால் 80-ஆவது முளைக்க வேண்டும். குறைந்தால் வேறு விதை தேடுங்கள். எண்ணிப் பார்க்கும் அந்த விரல்களே உங்கள் விளைச்சலைக் காக்கும் என்று சொல்லி, நமது பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.