கணக்குப் பார்த்த கலியாணங்கள்

(தெஹிவளையில் நிகழ்த்திய அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



காதலுக்காக அன்றி, வாழ்க்கைத் தேவைக்காகச் செய்யும் கலியாணத்தைப் புனைகதை எப்படிப் பார்த்தது என்பதே இன்றைய என் பொருள். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் வாழும் நமக்கு இது அந்நியமான சங்கதி அல்ல. சீதனம், டொனேசன், மாற்றுக் கலியாணம் என்ற பேச்சுகளைக் கேட்டே வளர்ந்தோம். மகனுக்காகப் பெண்வீட்டாரிடம் வாங்கிய டொனேசன் பணம் மகளின் கலியாணத்துக்குப் போகும். அண்ணனின் சம்பந்தத்தில் தொடங்கிய கணக்குத் தங்கச்சியின் சம்பந்தத்தில்தான் முடியும். இதைப் பேராசை என்று மட்டும் தள்ளிவிட எனக்கு மனமில்லை. உள்ளே பாசமும் இருக்கிறது. அந்தப் பாசத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

1911 இல் வந்த யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் சீதனக் காணியை மனைவியின் சொத்தென ஏற்றது. ஆனால் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் அதை விற்க முடியாதென்றும் அது விதித்தது. உறுதியில் அவள் பெயர். தீர்மானம் அவன் கையில். மூன்று ஆண்டுகள் கழித்து, 1914 இல், மங்களநாயகம் தம்பையா ‘நொறுங்குண்ட இருதயம்’ நாவலை எழுதினார். பொருந்தாத மணத்துக்குள் ஒரு பெண் படும் துயரத்தை ஈழத்துப் பெண்ணொருவரே நாவலாக்கியது நம் இலக்கியத்தில் பெரிய தொடக்கம்.

துயரப்படும் அந்தப் பெண்ணுக்கு நேரெதிரான ஒருத்தியை ஜேன் ஆஸ்டின் 1813 இல் படைத்தார். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் சார்லொட் லூக்கஸுக்கு 27 வயது, கையில் பணமில்லை. தோழி மணக்க மறுத்த கொலின்ஸ் என்பவனைத் தெரிந்தே கணவனாக ஏற்கிறாள். பிறகு, கணவன் அதிகம் வந்து உட்காராத பின்பக்க அறையைத் தன் இருப்பிடமாக்கிக்கொள்கிறாள். அவள் வாழ்வு இனிமையானதென்று சொல்லமாட்டேன். ஆனால் கணக்கைப் போட்டவள் அவளே.

“கோழி மேய்ச்சாலும் கோறணமெந்திலை மேய்க்க வேணும்” என்ற சமூகத்தின் மாப்பிள்ளையை எஸ்.பொ. ‘சடங்கு’ நாவலில் வரைந்தார். செந்தில்நாதன் கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்க்கிறான், மனைவி யாழ்ப்பாணத்தில். அவளுக்காக ஏங்கி ரயிலேறுகிறான். வீட்டிலோ சனமும் சடங்குகளும் இருவரையும் நெருங்கவிடுவதில்லை. குடும்பத்தைத் தாங்கும் உத்தியோகமே தம்பதியரைப் பிரிக்கிறது. இத்தகைய வாழ்விலும் தீராத ஆசை இருக்கும் என்று துணிந்து எழுதினார் எஸ்.பொ.

2015 இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தில் தேவை இன்னும் கடுமையானது. நம் எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்த முன்னாள் போராளி, யாழினி என்ற பெண், ஒரு சிறுமி. முன்பின் அறியாத மூவர், இறந்துபோனவர்களின் கடவுச்சீட்டுகளில் குடும்பமாகிப் பிரான்ஸ் போகிறார்கள். யாழினி அவனை நம்ப நாளெடுக்கிறது. விட்டுப் போகவும் பார்க்கிறாள். அந்தத் தயக்கத்துக்கு இடமிருப்பதால்தான் பின்னால் வரும் நெருக்கத்தை நம்ப முடிகிறது.

தேவைக்காகச் செய்யும் கலியாணத்தில் அன்பு விளையலாம். அதற்கு முதல் நிபந்தனை, வேண்டாம் என்று சொல்லப் பெண்ணுக்கு வழி இருப்பது. இளம் எழுத்தாளர்களே, தரகரின் கணக்கும் தகப்பனின் கணக்கும் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டன. பெண்ணின் கணக்கை எழுதுங்கள். பெற்றோரே, சாதகத்தை வெளியே கொடுக்க முன்னர் மகளைக் கேளுங்கள். அவள் மறுத்தால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.