உத்தியோகத்தில் கற்கும் கல்வி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்தாவது வகுப்புடன் படிப்பை நிறுத்தி ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்த என்னைக் கல்வியைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி பணித்திருக்கிறார். அவருடைய துணிவை மெச்சுகிறேன். வேலை செய்யுமிடத்தில் நாம் கற்கும் கல்வியைப் பற்றியே சில வார்த்தைகள் கூறுவேன்.

ரயில்வேயில் பயிற்சிப் பள்ளிகளுக்குக் குறைவில்லை. 1930-இல் டேராடூனில் தொடங்கிய அதிகாரிகள் கல்லூரி, 1952-இல் பரோடாவின் பிரதாப் விலாஸ் அரண்மனைக்கு வந்தது. எம்போன்ற சிப்பந்திகளுக்குப் புசாவலில் ஒரு பள்ளி உண்டு. அங்கே விதிகளைக் கற்றுப் பரீட்சையில் தேறியதும் பயிற்சி முற்றுப்பெற்றதாக எண்ணிவிடுகிறோம்.

சிமெண்டு மூட்டைகளை ஏற்றுமுன் மூடிய வேகனுள் மழைநீர் புகுமா என்று பார்த்தாக வேண்டும். எவ்வாறு பார்ப்பது? எழுத்தறியாத முதிய ஹமால் ஒருவர் எனக்குக் காட்டினார். பட்டப்பகலில் வேகனுள் நின்றுகொண்டு இரு பக்கக் கதவுகளையும் சாத்தச் சொன்னார். அந்த இருளில் ஊசிமுனையளவு வெளிச்சம் எங்கே தெரிகிறதோ, அங்கே நீரும் நுழையும். அவர் ஓய்வு பெற்றுச் சென்றபின் அம்முறையைப் புதியவர்களுக்குச் சொல்வாரில்லை. அடுத்த மழைக்காலத்தில் மூட்டைகள் கல்லாய் இறுகி, நஷ்டஈட்டுக் கடிதங்கள் வந்து குவிந்தன. ஒருவர் கற்றது அவரோடு வீட்டுக்குப் போய்விட்டால், காரியாலயம் கற்றதாகாது.

நிற்க. மூட்டை போனால் பணத்தோடு போயிற்று. உயிர் போகும் இடங்களும் உண்டு. 1956 நவம்பரில் அரியலூரருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைய, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வீழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார். அப்பெருந்தன்மையை நாடு இன்றும் போற்றுகிறது. ஆயினும் பாலம் ஏன் வீழ்ந்தது என்று ஆராய்வது வேறொரு வேலை. விபத்தை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர்களை 1941-லேயே ரயில்வே போர்டின் ஆதிக்கத்திலிருந்து பிரித்துவிட்டனர். அவர்கள் வழிவந்த பாதுகாப்பு ஆணையர்கள் இன்று விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார்கள். விசாரணைக்கு உள்ளாகிறவருக்கே விசாரிப்பவர் அடங்கியிருந்தால் உண்மை எவ்வாறு வெளிப்படும்? சிறிய காரியாலயங்களிலோ, ஏதேனும் கெட்டுப்போனால் முதலில் எழும் கேள்வி 'யார் செய்தது?' என்பதுதான். அதைக் கேட்டவுடன் அறிந்தவரும் வாய் மூடிக்கொள்கிறார்.

நம் காலனியில் ஓய்வு பெறும் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். சொந்த ஊருக்கு மூட்டை கட்டுமுன் ஒரு ஞாயிறு மாலை சங்கத்தில் நம் இளைஞர்களோடு அமர்ந்து, விதிப்புத்தகத்தில் இல்லாதவற்றைக் கூறுங்கள். எழுதிக்கொள்ள நான் நோட்டுப் புத்தகத்துடன் வருகிறேன். காபிச் செலவைப் பொருளாளர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.