சுவரில் இருக்கும் பூச்சிக்குச் சரியான பெயர்

(நம் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். தண்ணீர் மோட்டாரும் பார்க்கிங்கும் எனக்கு அடுத்துதான் வருகின்றன. அதனால் யாரும் எழுந்து போக மாட்டீர்கள் என்ற தைரியத்தில் பேசுகிறேன்.

போன ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பிள்ளைகள் படிக்கட்டு விளக்குக்கு வந்த பூச்சிகளைப் படம் எடுத்து, பெயர் எழுதி, லிஃப்ட் பக்கத்தில் அட்டையாக ஒட்டியிருக்கிறார்கள். எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அருமையான வேலை. அதில் ஏழு படங்கள் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. லைக்கன் விட்டில் என்று சொல்லலாம். அந்த ஏழில் நான்குக்கு எழுதியிருக்கும் பெயர் நிற்காது. இதில் பிள்ளைகள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. பெரியவர்கள் நூற்றைம்பது வருஷமாகப் போட்ட முடிச்சு அது.

பெயர் தப்பானால் என்ன போச்சு என்று கேட்கலாம். இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது விஷயத்தைப் பாருங்கள். 'வடக்கு காம்பவுண்ட் சுவரில் முருங்கைக் கம்பளிப்பூச்சி, மருந்து அடிக்க கொட்டேஷன்' என்று இருக்கிறது. பெயரில் இருக்கிற தப்பு சங்கத்தின் பணத்தில் கை வைக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் லைக்கன் என்றால் என்ன? வேறெங்கும் போக வேண்டாம், உங்கள் சமையலறை மசாலா டப்பாவைத் திறந்தால் போதும். செட்டிநாட்டுக் குழம்புக்கும் பிரியாணிக்கும் போடும் கல்பாசி இருக்கிறதே, அது ஒரு லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே உடம்பாக வாழ்வது. நாம் குளத்தில் இருப்பதையும் பாசி என்கிறோம், சுவரில் பச்சையாக வழுக்குவதையும் பாசி என்கிறோம், மரப்பட்டையில் சாம்பல் நிறத்தில் படர்ந்ததையும் பாசி என்கிறோம். மூன்றும் வேறு வேறு உயிர்கள். இந்த விட்டில்களின் புழுக்கள் லைக்கனையும் சுவர்ப் பாசியையும் சுரண்டித் தின்று வளர்கின்றன. செடி கொடியைத் தொடுவதில்லை.

விட்டில் என்ற சொல்லைத் தெரிந்தேதான் சொல்கிறேன். அட்டையில் எல்லாவற்றுக்கும் அந்துப்பூச்சி என்று தலைப்புப் போட்டிருக்கிறது. அந்து என்பது நெல்லிலும் தானியத்திலும் விழுவது. விளக்குக்கு வருவதையெல்லாம் அந்து என்று சொன்னால் அரிசி மூட்டை வைத்திருப்பவர்கள் பயந்துவிடுவார்கள். ஏ பிளாக்கில் தெலுங்கு பேசும் வீடுகளில் அழகான பூச்சி எதைக் கண்டாலும் சீதாகோகசிலுக என்கிறார்கள். கேட்க இனிமையாக இருந்தாலும் அது பட்டாம்பூச்சிக்கு உரிய பெயர்.

இனி அறிவியல் பெயர். இந்தக் கூட்டத்துக்கு லித்தோசினி என்று பெயர். உலகத்தில் 3,000 இனங்களுக்கு மேல் இதுவரை விவரிக்கப்பட்டிருக்கின்றன. லித்தோஸ் என்றால் கிரேக்கத்தில் கல். நாம் கல்பாசி என்கிறோம், அவர்களும் கல்லையே பிடித்திருக்கிறார்கள். லித்தோசியா என்ற பேரினப் பெயரை 1798-ல் வைத்தவர் ஃபேப்ரிசியஸ். டென்மார்க்காரர், லின்னேயஸின் மாணவர். நம் தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர் கையில் இருந்தது. அங்கிருந்து கப்பலில் போன பூச்சிகள் பலவற்றுக்குப் பெயர் வைத்தவரும் இவரே. ஆக, தமிழ்நாட்டுப் பூச்சிகளுக்கு ஐரோப்பாவில் உட்கார்ந்து பெயர் வைக்கும் பழக்கம் அவ்வளவு பழையது.

குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு உலகமெங்கும் இருந்து பூச்சிப் பெட்டிகள் வந்து குவிந்தன. ஃபிரான்சிஸ் வாக்கர் என்பவர் அவற்றைப் பட்டியல் போட்டார். ஆயிரக்கணக்கில் புதுப் பெயர்கள். ஒரே பூச்சிக்கு இரண்டு மூன்று தடவைகூடப் பெயர் வைத்திருக்கிறார். 1874-ல் அவர் இறந்தபோது வந்த இரங்கல் குறிப்பு ஒன்று, இந்தத் துறைக்கு அவர் செய்த கெடுதலுக்கு அளவில்லை என்கிற மாதிரி எழுதியது. இறந்தவரைப் பற்றி அப்படி எழுத எவ்வளவு எரிச்சல் இருந்திருக்க வேண்டும்! எனக்கு அவர் மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. மழையும் இல்லாமல், சுவரும் இல்லாமல், காய்ந்து போன உடலை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு ஆண் எது பெண் எது என்று எப்படித் தெரியும்?

அவருக்குப் பிறகு வந்த ஹாம்ப்சன் வேறு ரகம். நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். பூச்சிகளை உயிரோடு பார்த்தவர். 1891-ல் நீலகிரி விட்டில்கள் பற்றி ஒரு புத்தகம், பிறகு 1892 முதல் 1896 வரை இந்திய விட்டில்கள் பற்றி நான்கு தொகுதிகள். இன்றைக்கும் இந்தியாவில் விட்டில் பார்ப்பவர்கள் அதைத் திறக்காமல் இருக்க முடியாது. ஆனால் 1900-ல் லைக்கன் விட்டில்களுக்குப் பெரிய பட்டியல் போட்டபோது, பார்க்க ஒரே மாதிரி இருந்தவற்றை எல்லாம் சில பெரிய மூட்டைகளில் போட்டுக் கட்டிவிட்டார். அசுரா ஒரு மூட்டை, மில்டோகிரிஸ்டா இன்னொரு மூட்டை.

அசுரா என்றதும் நமக்குச் சூரபத்மன்தான் ஞாபகம் வருவான். திருத்தணியில் சூரசம்ஹாரம் கிடையாது, முருகன் சினம் தணிந்த இடம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நம் அட்டையில் அசுரா இருக்கிறது. அதை எடுத்தாக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

ஒவ்வொரு பேரினத்துக்கும் ஒரு மாதிரி இனம் உண்டு. பெயர் அந்த மாதிரியோடு கட்டிப் போடப்பட்டிருக்கும். குடும்ப அட்டையில் குடும்பத் தலைவர் பெயர் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைவர் எங்கே போகிறாரோ அட்டையும் அங்கேதான் போகும். அசுராவின் தலைவர் ஓர் ஆஸ்திரேலிய விட்டில். அதன் உள்ளுறுப்புகளை ஆசிய விட்டில்களோடு ஒப்பிட்டால் நம் ஊர்ப் பூச்சிகள் பலவும் அந்தக் குடும்பமே இல்லை என்று ஆகிறது. போர்னியோ விட்டில்கள் பற்றிய வரிசையில் 2001-ல் ஹாலோவே எழுதிய தொகுதி, லிக்லின், பார்சின் போன்ற பழைய பெயர்களைத் தூசி தட்டி எடுத்தது. அதற்குப் பிறகு ரஷ்யாவின் வோலின்கின், நம் நாட்டில் ஜக்பீர் சிங் கீர்த்தி, நவ்நீத் சிங், ராகுல் ஜோஷி போன்றவர்கள் மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வருகிறார்கள். எய்லெமாவும் இப்படித்தான். அதன் மாதிரி இனம் ஐரோப்பாவில் இருக்கிறது. சாம்பலாக, ஒல்லியாக, இறக்கையை உடம்போடு சுருட்டி உட்காரும் ஆசிய விட்டில் எதுவானாலும் எய்லெமா என்று எழுதிவிட்டார்கள். இப்போது பல இனங்கள் புரூனியா முதலான பேரினங்களுக்குப் போய்விட்டன.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெயர் மாறுவது வேறு, ஆளை மாற்றிச் சொல்வது வேறு. பழைய புத்தகத்தில் பைசோன் என்று இருப்பது இன்று சயானா. பூச்சி அதேதான். முன்பு ஆர்க்டிடே என்று தனிக் குடும்பமாக இருந்தது 2011 வாக்கில் எரிபிடே என்ற பெரிய குடும்பத்துக்குள் போனது. அதுவும் தப்பில்லை, திருத்தம். பெயருக்குப் பின்னால் ட்ரூரி, 1773 என்று அடைப்புக்குறிக்குள் இருந்தால் அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள். அவர் பெயர் வைத்தபோது பூச்சி வேறு பேரினத்தில் இருந்தது, பிறகு இடம் மாறியது என்பதற்கு அந்த அடைப்புக்குறிதான் அடையாளம்.

ஆளை மாற்றிச் சொல்வதுதான் கெடுதல். நம் அட்டையில் ஐந்தாவது படம், ஆரஞ்சு நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது, மில்டோகிரிஸ்டா மினியாடா என்று இருக்கிறது. கைப்பேசிச் செயலி சொன்ன பெயர். அது ஐரோப்பாவிலும் வட ஆசியாவின் குளிர்ந்த காடுகளிலும் இருக்கும் விட்டில். சித்திரை வெயிலில் ஆர்.கே.பேட்டை விசைத்தறிக் கூடத்துப் பக்கம் அது ஏன் வரப்போகிறது? செயலிக்கு ஐரோப்பியப் படங்கள் நிறையக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள், நம் ஊர்ப் படங்கள் குறைவு. அதனால் தெரிந்த முகத்தைச் சொல்கிறது. யாரோ ஒருவர் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார். அடுத்த தடவை செயலி அந்தத் தப்பையும் சேர்த்துப் படித்துக்கொள்கிறது. ஊர்வம்பு பரவுவதும் இப்படித்தானே.

முதல் மூன்று படங்களும் சயானா புயெல்லா என்று இருக்கின்றன. வெள்ளை இறக்கை, சிவப்புக் கோடு, நடுவில் கரும்புள்ளி. பேரினம் சரி, சயானாதான். இனம் எது என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. இந்தியாவில் இதே உடுப்பில் சயானாக்கள் டஜனுக்கு மேல் உண்டு. போதாததற்கு ஒரே இனத்திலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை மாறும். ஆணின் முன்னிறக்கை விளிம்பில், அடிப்பக்கமாக, ஒரு மடல் இருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் அது தெரியாது. சந்தேகம் தீர வேண்டுமானால் வயிற்று நுனியைக் காரத்தில் ஊறவைத்து இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தைப் பார்ப்பார்கள். அல்லது ஒரு மரபணுவின் 658 எழுத்துகளைப் படித்து ஒப்பிடுவார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. ஒப்பிடும் பட்டியலில் இருக்கும் மாதிரிக்கே யாராவது தப்புப் பெயர் எழுதியிருந்தால் மரபணுவும் தப்பாகத்தான் சொல்லும்.

அதனால் என் யோசனை இது. முதல் மூன்றையும் 'சயானா, இனம் உறுதியில்லை' என்று மாற்றுவோம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதில் வெட்கம் இல்லை, பெரிய ஆய்வாளர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஐந்தாவதை 'லைக்கன் விட்டில், பேரினம் பார்க்க வேண்டும்' என்று போடுவோம். அசுராவையும் எய்லெமாவையும் பழைய பெயர் என்று சொல்லி, பக்கத்தில் கேள்விக்குறி போடுவோம். பிள்ளைகளே, இனிமேல் படம் எடுக்கும்போது மேல்பக்கம் ஒன்று, முடிந்தால் கண்ணாடி டம்ளரில் விட்டு அடிப்பக்கம் ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம், தேதி, எந்த மாடி என்பதும் வேண்டும். எடுத்த பிறகு டம்ளரைத் திறந்து விட்டுவிடுங்கள். ஜூலை கடைசி வாரம் உலகமெங்கும் விட்டில் வாரம் நடத்துகிறார்கள். அப்போது இந்தப் படங்களை நாமும் அனுப்பலாம். தப்புப் பெயரோடு அனுப்பினால், இந்த ஊரில் இல்லாத பூச்சி இருப்பதாக வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். அதை அழிக்கப் பின்னால் யாரோ ஒருவர் மெனக்கெட வேண்டும்.

இப்போது ஐந்தாவது விஷயம். முருங்கைக் கம்பளிப்பூச்சி முருங்கை மரத்தில் கூட்டமாக அப்பிக்கொண்டிருக்கும், இலையைத் தின்னும், தொட்டால் நன்றாக அரிக்கும். நம் வடக்குச் சுவருக்கு அருகே முருங்கையே கிடையாது. அங்கே இருக்கும் புழுக்கள் தனித்தனியாக ஊர்கின்றன, சுவர்ப் பாசியைச் சுரண்டுகின்றன. சுவரை உற்றுப் பாருங்கள், சில இடங்களில் மயிரால் பின்னிய சின்னச் சின்னக் கூண்டுகள் ஒட்டியிருக்கும். சயானாவின் வேலை. புழு தன் உடம்பு மயிரைப் பிடுங்கிக் கம்பிவலை போலக் கூண்டு கட்டி, நடுவில் தொங்கியபடி கூட்டுப்புழு ஆகிறது. கழற்றிய தோலைக்கூட உள்ளே வைத்துக்கொள்ளாமல் வலைக்கு வெளியே தள்ளிவிடுகிறது. நம் வீட்டு பால்கனி கிரில்லுக்கு வெல்டர் கேட்ட கூலி ஞாபகம் வந்தது எனக்கு.

இவற்றின் மயிரும் சிலருக்கு அரிக்கலாம், மறுக்கவில்லை. குழந்தைகள் கையால் எடுக்க வேண்டாம். ஆனால் மருந்து அடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. சுவரில் பாசி இருக்கும் வரை அடுத்த மழைக்குப் புதுப் புழு வரும். பாசி வருவது மொட்டை மாடித் தண்ணீர்க் குழாய் அந்தச் சுவர் மேல் கசிவதால். குழாயைச் சரி செய்து, வெயில் வந்ததும் தேங்காய் நார்ப் பிரஷால் தேய்த்துக் கழுவினால் சாப்பாடு போய்விடும், பூச்சியும் போய்விடும். வேப்ப மரத்தடியில் இருக்கும் லைக்கனை மட்டும் யாரும் தேய்க்க வேண்டாம். கந்தகப் புகை அதிகமானால் முதலில் சாகும் உயிர்களில் லைக்கனும் ஒன்று. அது பிழைத்திருப்பது நமக்கும் நல்ல செய்தி.

ஆகவே கொட்டேஷனை இப்போதைக்கு நிறுத்தி வைத்து, பிளம்பரைக் கூப்பிட வேண்டும் என்று முன்மொழிகிறேன். பெயின்ட் அடிக்க வருபவரிடம் கூண்டுகள் இருக்கும் மூன்றடி இடத்தை விட்டுவிட்டு ஆரம்பிக்கச் சொல்லலாம். கூண்டுகள் காலியான பிறகு அந்த இடத்தையும் அடிக்கட்டும். புது அட்டைக்கு சார்ட் பேப்பர் என் வீட்டில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பிள்ளைகள் வரலாம். செயலாளர் அவர்களே, மோட்டார் விஷயத்தை ஆரம்பியுங்கள்.