சீடியும் நைராவும்

தாயம் ஆடுவோர் கையில் உருளும் சோகி, முன்னொரு காலத்தில் மேற்கு ஆபிரிக்காவின் பணமாக விளங்கிற்று. மாலைதீவிற் சேகரித்த சோகிகளை ஒல்லாந்தர் இலங்கைத் துறைமுகங்களுக்குக் கொணர்வித்து, ஐரோப்பா செல்லும் கப்பல்களில் அடிப்பாரமாக ஏற்றினர். அங்கிருந்து அவை கினி வளைகுடாவை அடைந்தன. மனிதரை அடிமைகளாக வாங்கும் விலையாகவும் கொடுபட்டன. 1965ஆம் ஆண்டில் கானா தன் நாணயத்துக்குச் சூட்டிய சீடி என்னும் பெயர், அக்கான் மொழியில் அந்தச் சோகியைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்ததே.

சீடிக்கும் நைஜீரியாவின் நைராவுக்கும் மூலம் ஒன்று. 1912ஆம் ஆண்டில் பிரித்தானியர் மேற்கு ஆபிரிக்க நாணயச் சபையை நிறுவினர். நைஜீரியா, பொற்கரை, சியராலியோன், கம்பியா ஆகிய நான்கு நாடுகளிலும் ஒரே பவுண் வழங்கியது. அதன் மதிப்பு ஸ்டேர்லிங் பவுணுக்குச் சமம். ஆக்ராவிலிருந்து லாகோசுக்குச் சென்ற வியாபாரி பணத்தை மாற்ற வேண்டியதேயில்லை.

பொற்கரை 1957இல் கானாவாகச் சுதந்திரம் பெற்று, அடுத்த ஆண்டே தன் சொந்தப் பவுணை வெளியிட்டது. நைஜீரியா 1959இல் அவ்வாறே செய்தது. பெயர் பிரிந்ததேயன்றி மதிப்புப் பிரியவில்லை. 1965இல் பிறந்த சீடியின் மதிப்பு 100 பென்சு, அதாவது 8 சிலிங் 4 பென்சு. 1966இல் நிக்குருமாவின் ஆட்சி கவிழ்ந்தது. மறு ஆண்டு வந்த புதுச் சீடி 10 சிலிங் மதிப்புடன் தொடங்கி, சில மாதங்களிலேயே மதிப்பிறக்கம் கண்டது. நைஜீரியாவோ, 1967 நவம்பரில் ஸ்டேர்லிங் பவுண் இறங்கியபோதும் தன் பவுணை இறக்காது நின்றது. 1973 ஜனவரி முதலாந் திகதி அப்பவுண் ஒன்றுக்கு இரண்டு நைரா என மாற்றப்பட்டது. அவ்வாண்டின் உத்தியோகபூர்வ விகிதப்படி ஒரு நைராவுக்கு ஏறத்தாழ ஒன்றேமுக்காற் சீடி.

இவ்விகிதம் வங்கிக் கணக்கேட்டோடு நின்றுவிடவில்லை. மக்கள் எத்திசை நோக்கி நடந்தனர் என்பதையும் அதில் வாசிக்கலாம். கொக்கோவால் கானா செழித்திருந்த நாளில் நைஜீரியர் பலர் அங்கே கடை வைத்தும் கூலிக்கு உழைத்தும் வாழ்ந்தனர். 1969 நவம்பரில் பூசியாவின் அரசாங்கம், அனுமதிப் பத்திரமில்லாத அந்நியர் இரு வாரத்துள் வெளியேற வேண்டுமெனக் கட்டளையிட்டது. அதே பூசியா 1971 டிசம்பர் இறுதியிற் சீடியின் மதிப்பைப் பெருமளவிற் குறைத்தார். மூன்று வாரம் கழியுமுன்னரே படையினர் அவரை ஆட்சியினின்று அகற்றினர். பின்வந்தோர் இதனைப் பாடமாகக் கொண்டனர்போலும். 1978 முதல் 1983 வரை ஒரு டொலருக்கு 2.75 சீடி என்ற விகிதத்தை அவர்கள் அசையவிடவில்லை. கறுப்புச் சந்தையில் டொலரின் விலை அதனினும் பன்மடங்காயிற்று.

நைஜீரியாவிலோ அப்போது மசகெண்ணெய் பணமாகப் பெருகியது. கானாவின் ஆசிரியர்களும் தொழிலாளரும் அங்கே சென்றனர். ஓர் ஆசிரியர் மிச்சம்பிடித்த சிறிதளவு நைரா, ஆக்ராவின் கறுப்புச் சந்தையிற் பெருந்தொகைச் சீடியாயிற்று. பின்னர் எண்ணெய் விலை வீழ்ந்தது. 1983 ஜனவரியில் நைஜீரிய அரசாங்கமும் அந்நியரை வெளியேறச் சொன்னது. வெளியேறியோர் ஏறத்தாழ இருபது லட்சம் பேர். அவருட் பாதியளவினர் கானா நாட்டவர். இடையிலுள்ள எல்லைகள் மூடிக்கிடந்தமையால் பெனின் நாட்டில் அவர்கள் நாட்கணக்கிற் காத்துக்கிடந்தனர். அவர்கள் உடைமைகளைத் திணித்துச் சென்ற கட்டம்போட்ட பைகளுக்கு, ‘கானா நாட்டவரே, வெளியேறுக’ என்னும் பொருள்பட வழங்கிய பெயர் நிலைத்துவிட்டது. தாயகத்தில் அவர்களை எதிர்கொண்டவை வறட்சியும் காட்டுத் தீயும்.

அவ்வாண்டே ரோலிங்சின் ஆட்சி சீடியை இறக்கத் தொடங்கியது. 1986 செப்டெம்பரில், ஒரே மாதத்தில், இரு நாடுகளும் அந்நியச் செலாவணியை ஏலத்தில் விடலாயின. அதன்பின் இரண்டும் போட்டியிட்டு இறங்கின எனலாம். 2007 ஜூலையில் கானா 10,000 பழைய சீடியை ஒரு புதிய சீடியாக்கியது. அதுவரை நைராவே பெரிது. ஓர் இரவுக்குள் ஒரு சீடிக்கு 130 நைராவுக்கு மேல் என்றாயிற்று. சைபர்கள் குறைந்தனவேயன்றி, ஒரு மூடை அரிசியின் உண்மைவிலை குறையவில்லை. மறுமாதம் நைஜீரிய மத்திய வங்கியும் இரு சைபர்களை நீக்க எண்ணியது, சனாதிபதி தடுத்துவிட்டார்.

2022இல் கானா கடன் தவணைகளை நிறுத்த நேர்ந்து, சீடி நலிந்தது. 2023 ஜூனில் நைஜீரியா பலவாயிருந்த விகிதங்களை ஒன்றாக்கியபோது நைரா சரிந்தது. 2023 தொடக்கத்தில் ஒரு சீடிக்கு 40 நைராவை ஒட்டியிருந்த விலை, மறு ஆண்டின் தொடக்க மாதங்களில் 100 நைராவைத் தாண்டியது.

லாகோசிலிருந்து ஆக்ராவுக்குத் தரைவழியே செல்வோர் பெனினையும் டோகோவையும் கடக்க வேண்டும். அங்கே வழங்குவது வேறொரு நாணயம், சி.எப்.ஏ. பிராங்க் என்பது அதன் பெயர். முன்பு பிரெஞ்சுப் பிராங்கோடும் 1999 முதல் யூரோவோடும் கட்டுண்டது அது. இப்பிரதேசம் முழுவதற்கும் எக்கோ என்னும் ஒரே நாணயம் வேண்டுமெனப் பேசுவோர், முதலில் 2003ஆம் ஆண்டைக் குறித்தனர். பன்முறை தள்ளிவைத்தபின், 2021இல் 2027 என்று மாற்றிக்கொண்டனர்.