யார் கேட்ட பாட்டு?
(அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு)



நினைவாற்றல் என்றால் திருப்பதிப் பக்கத்தில் முதலில் பேச்சு வருவது அவதானத்தைப் பற்றித்தான். தெலுங்கில் அது இன்றும் மேடையில் நடக்கிறது. தேவஸ்தானத்தின் அன்னமாச்சாரியா திட்டத்துக்கு இயக்குநராக இருந்த மேடசானி மோகனின் அவதானங்களை உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். தமிழிலும் நமக்குச் செய்குத்தம்பிப் பாவலர் இருந்தார். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடிக்காரர். 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தவர். (தெலுங்கு அவதானிகளான திருப்பதி வேங்கட கவுலு எந்தத் தெருவில் இருந்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த இரட்டையருக்கும் நம் ஊருக்கும் சம்பந்தமில்லை. திவாகர்ல திருப்பதி சாஸ்திரி என்பது அவர்களில் ஒருவரின் பெயர், அவ்வளவே.)

தெலுங்குச் சதாவதானத்தில் நூறு பிருச்சகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள், பதில் பாட்டாக வர வேண்டும். அவதானி ஒருவருக்கு முழுப் பாட்டையும் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போவதில்லை. பெரும்பாலும் முதல் சுற்றில் எல்லாருக்கும் முதல் அடி மட்டும். இரண்டாம் சுற்றில் இரண்டாம் அடி. நான்கு சுற்று முடிந்த பிறகு தாரணை: நூறு பாட்டையும் வரிசையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவில் அப்பிரஸ்துதப் பிரசங்கக்காரர் வம்பளந்து கவனத்தைக் கலைத்துக்கொண்டே இருப்பார். நாம் கைதட்டுவது நூறு பாட்டு என்ற எண்ணிக்கைக்காக. என் கணக்கில் எண்ணிக்கை பெரிதல்ல. நூறு பாட்டு மனப்பாடமாகத் தெரிந்த ஓதுவார்கள் எத்தனையோ பேர். எந்தப் பாட்டு யார் கேட்டது, அவர் விதித்த நிபந்தனை என்ன, எந்த அடியில் நிறுத்தினோம் என்பது குழம்பாமல் இருப்பதுதான் அரிது. பொருள் ஒன்று, அதன் சூழல் இன்னொன்று. மூளை இவ்விரண்டையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை என்பதே இன்றைய என் பேச்சு.

திருமலையில் முடியிறக்கும் கல்யாணகட்டாவுக்கு வெளியே ஒருவர் மொட்டைத் தலையும் சந்தனமுமாக எதிரே வருகிறார். எங்கேயோ பார்த்த முகம்! சிரித்தும் விடுகிறீர்கள். யாரென்று மட்டும் பிடிபடவில்லை. அரை மணி கழித்து, வரிசையில் நிற்கும்போது, சட்டென்று வருகிறது: நம் தெரு மளிகைக்கடைக்காரர். உளவியலாளர் ஜார்ஜ் மாண்ட்லர் 1980-இல் பேருந்தில் எதிர்ப்படும் கசாப்புக்கடைக்காரரை வைத்து இதையே எழுதினார். அறிந்த முகம் என்ற உணர்வு ஒரு வேலை. எங்கே, எப்போது என்று மீட்டெடுப்பது வேறு வேலை.

இரண்டும் நடப்பது காதுக்கு உட்புறம், பொட்டு மடலின் உள்விளிம்பில். அங்கே பெரிரைனல் புறணி முகம், சொல், பொருள் ஆகியவற்றைக் கையாள்கிறது. அதற்குப் பின்னால் உள்ள பாராஹிப்போகேம்பல் புறணி இடத்தையும் சூழலையும் கவனிக்கிறது. இரண்டிலிருந்தும் வருவதைச் சேர்த்து முடிச்சுப் போடுவது ஹிப்போகேம்பஸ். சரண் ரங்கநாத், ஆண்ட்ரூ யோனலினஸ், ஹோவர்ட் ஐகன்பாம் ஆகியோர் 2007 வாக்கில் இந்தச் சித்திரத்தைத் தெளிவாக வரைந்தார்கள்.

ஆதாரம் பெரும்பாலும் நோயாளிகளிடமிருந்து வந்தது. 1953-இல் வலிப்புக்காக ஹென்றி மொலைசனின் இரு பக்கத்து ஹிப்போகேம்பஸையும் சுற்றுப்பகுதியையும் வில்லியம் ஸ்கோவில் வெட்டியெடுத்தார். அதன்பின் மொலைசனால் புதிதாகச் சந்தித்த எவரையும் நினைவில் வைத்துக்கொள்ள இயலவில்லை. ஆனால் அந்த வெட்டு மிகப் பெரியது. எது எதைச் செய்கிறது என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கனடாவில் ஒரு பெண்ணிடம் செய்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வு. அந்தப் பெண்ணுக்கும் வலிப்பு அறுவைதான். பெரிரைனல் புறணியின் பெரும்பகுதி போயிற்று, ஹிப்போகேம்பஸ் தப்பியது. அவருக்கு நடந்ததை விவரத்தோடு மீட்டெடுக்க முடிந்தது. ‘இது தெரிந்ததுதான்’ என்ற உணர்வுதான் குறைந்துவிட்டது. மொட்டைத்தலைக்காரர் கதைக்கு நேர் எதிர். லாரி ஸ்குவையர் போன்றவர்கள் இந்தப் பிரிவினையை ஏற்பதில்லை. வலுவான நினைவு, வலுக்குறைந்த நினைவு என்ற வேறுபாடே போதும் என்பார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

இன்னொரு தரப்பும் உண்டு: நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மடல். அங்கே அடிபட்டவர்கள் செய்தியை மறப்பதில்லை, யாரிடமிருந்து தெரிந்துகொண்டோம் என்பதை மறக்கிறார்கள். வயது ஏற ஏற நமக்கும் எளிதில் தேய்வது இத்தகைய சூழல் நினைவே. ‘இதை உன்கிட்ட ஏற்கெனவே சொன்னேனாப்பா?’ என்று தாத்தா கேட்பதில் கதை பத்திரமாக இருக்கிறது. கேட்ட ஆள்தான் கழன்றுபோனார்.

இனி மலைமேல் போவோம். தர்மகிரி வேதபாடசாலையில் பிள்ளைகள் பெறும் பயிற்சி அவதானத்துக்கு எதிர்த்திசையில் போகிறது. யார் கேட்டாலும், எங்கே ஓதினாலும் ஒரு ஸ்வரம் மாறக் கூடாது. சூழலை உதறிவிட்டுப் பொருளை மட்டும் காப்பது. ஆனாலும் கனபாடத்தில் ஒவ்வொரு சொல்லும் பக்கத்துச் சொற்களோடு முன்னும் பின்னுமாகப் பின்னப்படுகிறது. இடம் போனாலும் வரிசை என்ற சூழல் மிஞ்சுகிறது. ஜேம்ஸ் ஹார்ட்செல் குழுவினர் ஹரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையத்தில் 21 வேத பண்டிதர்களின் மூளையைப் படம்பிடித்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டபோது பொட்டு மடல்களின் பக்கப்பகுதியிலும் ஹிப்போகேம்பஸிலும் வேறுபாடு தெரிந்தது. ஓதியதால் மூளை அப்படி ஆனதா, அப்படிப்பட்ட மூளைக்காரர்களே ஓதுவதில் நிலைத்தார்களா என்பதை ஒரு முறை எடுத்த படம் சொல்லாது.

இதே ஆய்வை அவதானிகளிடம் செய்து பார்க்க ஆசை. ஸ்விம்ஸ் மருத்துவமனையும் வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் இந்த ஊரிலேயே இருக்கின்றன. தாரணை முடிந்த மறுநாள் அவதானியிடம் முதலில் பாட்டை மட்டும் காட்டி, ‘இது நேற்றையதா?’ என்று கேட்கலாம். பிறகு பிருச்சகரின் முகத்தைக் காட்டி, ‘இவர் கேட்டது எது?’ என்று கேட்கலாம். முன்னதற்குப் பெரிரைனல், பின்னதற்கு ஹிப்போகேம்பஸும் முன்மடலும் கூடுதலாக வேலை செய்யும் என்பது என் ஊகம். ஒரே சங்கடம், எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் தலையை இம்மியும் அசைக்கக் கூடாது. தலையசைக்காமல் பாட்டுச் சொல்லும் அவதானியை நான் இதுவரை பார்த்ததில்லை. பதிலுக்குப் பொத்தானை அழுத்தச் சொன்னால்தான் உண்டு.