உணவுச்சாலையின் சுவர்கள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பசித்து வந்தவனுக்கு அன்னமிடுதல் நம் நாட்டில் வாணிகமாவதற்கு முன்னர் அறமாக இருந்தது. இன்று நம் சமூகத்தாருள் பலர் அதனையே தொழிலாகக் கொண்டு, கண்ணியமாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களை உளத்திற்கொண்டே, உணவுச்சாலையின் சுவரில் எதனை மாட்டலாம், எதனை மாட்டலாகாது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். இஃது அற்ப விஷயமென்று எண்ணுவோர், தூரதேசத்து ஓட்டல் ஒன்றின் சரித்திரத்தைச் சற்றுச் செவிமடுக்க வேண்டுகிறோம்.

அமெரிக்காவில், காலிபோர்னியா மாகாணத்தின் சாண்டா பார்பரா என்னும் கடற்கரை நகரில், 1957-ஆம் ஆண்டு ஓர் உணவுச்சாலை திறக்கப்பெற்றது. அதனை நிறுவியோர் இருவர். ஒருவர் சாம் பாட்டிஸ்டோன், மற்றவர் நியூவெல் போனெட். இருவர் பெயரிலிருந்தும் சில எழுத்துக்களை எடுத்துக் கூட்டிச் 'சாம்போஸ்' என்று பெயரிட்டனர். இதில் யாதொரு வஞ்சனையும் இல்லை. ஆயினும், அப்பெயரைக் கேட்ட எவருக்கும் 'சாம்போ' என்னும் கறுப்புச் சிறுவனின் கதை நினைவிற்கு வந்தது. உரிமையாளரும் அதனை விலக்கவில்லை. அக்கதையின் சித்திரங்களையே சுவரெங்கும் தீட்டி வைத்தனர். சிறுவனும் அவனைத் துரத்தும் புலிகளும் அந்த ஓட்டலின் அடையாளமாயினர்.

அந்தக் கதை பிறந்த இடம் எதுவென்று கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். அது நம் நாட்டிலே பிறந்த கதை! ஹெலன் பானர்மன் என்னும் ஸ்காட்லாந்து மாது, இந்திய வைத்திய உத்தியோகத்திலிருந்த தம் கணவருடன் நெடுங்காலம் சென்னை ராஜதானியில் வாழ்ந்தவர். அவர் தம் குழந்தைகளை மகிழ்விக்க எழுதிய கதை 1899-ஆம் ஆண்டு லண்டனில் நூலாக வெளிவந்தது. அதிலே புலிகள் ஒன்றையொன்று துரத்தி மரத்தைச் சுற்றியோடி நெய்யாக உருகுகின்றன. அந்நெய்யில் தாய் அப்பம் சுடுகிறாள். சிறுவன் 169 அப்பம் உண்கிறான். புலியும் நெய்யும் இந்தியாவுக்குரியவை. ஆயின் சிறுவனுக்கு இட்ட பெயரோ, அமெரிக்காவிலே அடிமைப்பட்டிருந்த நீக்ரோ மக்களை இழித்துரைக்க அதற்கு முன்னரே வழங்கிய பெயர். அம்மாது தாமே வரைந்த படங்களிலும் சிறுவன் முகம் விகாரமாகவே காணப்பெற்றது. நூலின் உரிமை அவர் கையை விட்டு அகன்றபின், அமெரிக்க அச்சகத்தார் பற்பல பதிப்புக்களில் அம்முகத்தை மேலும் கோரமாக்கினர். 1932-ஆம் ஆண்டிலேயே லாங்ஸ்டன் ஹியூஸ் என்னும் நீக்ரோ கவிஞர், இத்தகைய நூல்கள் தம் இனத்துக் குழந்தைகளின் மனத்தைப் புண்படுத்துகின்றன என்று கண்டித்தார்.

அவர் கண்டித்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே அந்த ஓட்டல் தோன்றியது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். கண்டனம் செவியில் ஏறவில்லை. கிளைகள் 47 மாகாணங்களில் 1,100-க்கு மேற்பட்டுப் பெருகின. சித்திரத்துச் சிறுவனின் நிறத்தை வெளுக்கச் செய்து, தலைப்பாகை சூட்டி, இந்தியச் சிறுவனாகக் காட்டிப் பார்த்தனர். நிறம் மாறியதேயன்றிப் பெயர் மாறவில்லை. ஆதலின் மனப்புண்ணும் ஆறவில்லை. 1970-களில் பல ஊர்களில் கறுப்பு மக்கள் எதிர்த்துக் கிளம்பினர். சில ஊர் நிர்வாகங்கள் அப்பெயர்ப் பலகைக்கு அனுமதி மறுத்தன. சில கிளைகள் வேறு பெயர் பூண்டன. 1981-ஆம் ஆண்டு நிறுவனம் திவாலாயிற்று. வாணிக நிர்வாகக் கோளாறுகளும் அதற்குக் காரணம் என்பதை மறைத்தல் நியாயமன்று. ஆயினும் பெயரால் வந்த பகையும் அதன் சுமையைக் கூட்டிற்று.

இறுதியில் எஞ்சியது சாண்டா பார்பராவில் இருந்த ஆதி ஓட்டல் ஒன்றே. 2020-ஆம் ஆண்டு, மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்டு என்னும் கறுப்பர் போலீஸ்காரரால் கொல்லப்பட்டபின், நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. அவ்வூரிலும் பெயரை மாற்றக் கோரி மக்கள் விண்ணப்பம் செய்தனர். நிறுவியவரின் பேரர் அப்பொழுது உரிமையாளர். அவர் வழக்காடவில்லை; பெயரை அகற்றிச் 'சாட்ஸ்' என்று மாற்றினார். அறுபத்து மூன்று ஆண்டுப் பிணக்கு ஒரு பலகை மாற்றத்தால் தீர்ந்தது. முதல் நாளே அதைச் செய்திருந்தால் எத்துணைப் பேர் மனம் நோகாதிருந்திருக்கும்!

"இழிவு செய்யும் எண்ணமே எமக்கில்லையே, நாங்கள் ஏன் மாற்றவேண்டும்?" என்று சிலர் வினவுவர். இவ்வினா அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. அந்த ஓட்டல் பிறந்த அதே 1957-ஆம் ஆண்டில், நம் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவுச்சாலையின் முன்னர், பெயர்ப் பலகையிலுள்ள 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கவேண்டுமென்று பெரியார் ஈ. வெ. ரா. அவர்களின் இயக்கத்தார் நாள்தோறும் மறியல் செய்து சிறை புகுந்தனர். "அச்சொல் சமையலின் ஆசாரத்தைக் குறிப்பதேயன்றி எவரையும் தாழ்த்துவதன்று" என்றனர் ஒரு சாரார். "ஒருவரை உயர்த்தி எழுதிய பலகை, எழுதாமலே மற்றவரைத் தாழ்த்துகிறது" என்றனர் மறு சாரார். எழுதியவனுடைய எண்ணம் அவன் நெஞ்சோடு நின்றுவிடுகிறது. பலகையோ தெருவில் நிற்கிறது. வழிப்போவோர் படிப்பது பலகையையே. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. ஆகவே ஒரு சித்திரம் இழிவானதா அன்றா என்று தீர்ப்பதற்கு, அதை மாட்டினவனைவிட அதில் தீட்டப்பட்டவனே உரியவன்.

சகோதரர்களே! நம் குலத்தை எவரேனும் ஏளனமாக எழுதினால் நம் சங்கம் உடனே தீர்மானம் இயற்றுகிறது. அது தக்கதே. அந்த உணர்ச்சியைப் பிறர் பொருட்டும் நாம் பெறவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். கிராமிய அலங்காரம் என்ற பெயரால் இக்காலத்து ஓட்டல்களில் பொம்மைகளும் சித்திரங்களும் வைக்கிறார்கள். ஏர் பிடிப்பவனையும், துணி வெளுப்பவளையும், குறவர் குறத்தியரையும் அழகுற வைப்பது வேறு. வயிறு பெருத்து, பல் துருத்தி, நகைப்புக்கிடமாக வைப்பது வேறு. அம்மரபில் வந்த ஒரு தந்தை தம் குழந்தையைக் கைப்பிடித்து அழைத்து வந்து, அப்பொம்மையின் எதிரே அமர்ந்து உண்ண நேர்ந்தால், அவ்வுணவு அவர் தொண்டையில் இறங்குமா? காசு கொடுத்து அவமானம் வாங்கவா அவர் நம் கடைக்கு வந்தார்?

எனவே நம்மவரில் உணவுச்சாலை நடத்துவோர் மூன்று காரியம் செய்யவேண்டும். சுவரில் ஒரு சித்திரம் ஏறுமுன், அதில் காணும் மக்களுள் ஒருவரிடம் காட்டி அவர் கருத்தைக் கேளுங்கள். எவரேனும் குறை கூறினால், அவரோடு வாதாடாமல், மறியலுக்கும் காத்திராமல், அன்றே அதனை அகற்றுங்கள். வருவோர் யாவர்க்கும் ஒரே இருக்கையும் ஒரே குவளையும் அளியுங்கள். சுவர் தூயதாக இருந்து குவளை வேறுபட்டால் பயனில்லை. நம் சங்கத்தின் மண்டபத்திற்கும் இவ்விதியே பொருந்தும். அதன் சுவர்களைப் பார்வையிட்டுச் சொல்ல, நம் குலத்தார் அல்லாத நண்பர் இருவரை அழைக்குமாறு நிர்வாகத்தாரை இச்சபையில் கேட்டுக்கொள்கிறோம்.

இலையில் இடும் சோற்றில் கல் கிடந்தால் உடனே பொறுக்கி எறிகிறோம். சுவரில் கிடக்கும் கல்லையும் அவ்வாறே பொறுக்கி எறிவோமாக.