கல்லறை இல்லாதவர்களுக்கு ஒரு மெழுகுவர்த்தி
(நம் பங்கின் யூபிலி விழாவில் ஆற்றிய உரை)



யூபிலி என்றால் பந்தலும் தோரணமும் தேர்ப்பவனியும் மட்டுமல்ல. லேவியர் நூல் 25-ஆம் அதிகாரத்தின்படி, அடிமைப்பட்டவர்கள் விடுதலை பெற்று வீடு திரும்பும் ஆண்டு அது. ஆகவே, வீடு திரும்பாமலே போன சிலரை இன்று நினைவுகூர விரும்புகிறோம்.

ஐரோப்பாவில் 15 முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை, சூனியம் வைத்ததாகத் தீர்ப்பிடப்பட்டுக் கொல்லப்பட்டோர் 40,000 முதல் 60,000 பேர் இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கின்றனர். பெரும்பாலோர் பெண்கள். ஆயினும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஆண். ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் 1626 முதல் 1631 வரை நடந்த விசாரணைகளில் சிறுவர் சிறுமியரும் மாண்டனர். அந்நகரை ஆண்டவர் ஒரு கத்தோலிக்க ஆயர். புரோட்டஸ்டண்டு நாடுகளிலும் இதுதானே நடந்தது என்று சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

அந்த இருளிலும் ஒரு விளக்கு எரிந்தது. பிரடெரிக் ஸ்பே என்ற இயேசு சபைக் குரு, மரணத் தீர்ப்புப் பெற்றவர்களின் பாவசங்கீர்த்தனம் கேட்டவர். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று உணர்ந்து, 1631-இல் தம் பெயரைப் போடாமல் ஒரு நூல் வெளியிட்டார். சித்திரவதை செய்தால் யார்தான் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், நீதிபதியையே அப்படி விசாரித்தால் அவரும் சூனியக்காரர்தானே என்பது அவர் வாதம். 1635-இல் டிரியர் நகரில் கொள்ளைநோயாளருக்குப் பணி செய்து, அந்நோயாலேயே உயிர்நீத்தார்.

இது பழங்கதை அல்ல அன்பர்களே. சூனியக்காரி என்று பெண்களைப் பட்டம் கட்டுவதைத் தடுக்க பீகாரில் 1999-இலும் அஸ்ஸாமில் 2015-இலும் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அஸ்ஸாமின் பிருபாலா ராபா என்ற ஏழைத் தாயிடம், நோயுற்ற அவர் மகன் மூன்று நாளில் இறப்பான் என்று மந்திரவாதி சொன்னார். மகன் இறக்கவில்லை. அன்றே அந்தத் தாயின் கண் திறந்தது. ஊரின் எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு, பட்டம் சுமந்த பல பெண்களை அவர் காப்பாற்றினார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்று, 2024-இல் மறைந்தார்.

நம் தெருவில் யாரும் தீ மூட்டுவதில்லை. ஆனால், கர்ப்பம் கலைந்தால், தறி ஓடாமல் நின்றால், கைக்குழந்தை பால் குடிக்காவிட்டால், "அவள் கண் பட்டது", "செய்வினை வைத்துவிட்டாள்" என்று நாமும் பேசியிருக்கிறோம். பெரும்பாலும் அந்த "அவள்", கேட்க நாதியற்ற கைம்பெண். அன்று மூட்டிய தீயும் இப்படியொரு பேச்சில்தான் பற்றியது. நம் ஆண்டவரையே பெயல்செபூல் பிடித்தவர் என்று பழித்தார்களே (மாற்கு 3:22)!

பாவில் ஓர் இழை அறுந்தால், தறியை நிறுத்தி, பிணைத்த பின்புதானே மேலே நெய்கிறோம்? அறுந்துபோன மனிதர்களை மட்டும் ஏன் அப்படியே விட்டுவிடுகிறோம்?

2000-ஆம் ஆண்டின் மாபெரும் யூபிலியில், மார்ச் 12 அன்று, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். நம் யூபிலியில் நாமும் இரண்டு காரியம் செய்வோம். வரும் நவம்பர் 2 அன்று, கல்லறைகூட இல்லாமல் போன அந்த அப்பாவிகளுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அதற்கு முன்பாக, இந்த வாரமே, தெரு ஒதுக்கிவைத்த அந்த அம்மாவின் திண்ணையில் போய் உட்கார்ந்து, அவர் கையால் ஒரு தம்ளர் மோர் வாங்கிக் குடிப்போம்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!